ஃபில்லர் ஒட்டாத காம்பவுண்ட்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

பினாங்கின் பிறையிலும் ஜூருவிலும் புக்கிட் மின்யாக்கிலும், பிளாஸ்டிக்கோடு கனிமத் தூளை (ஃபில்லரை) உருக்கிக் கலக்கும் காம்பவுண்ட் லைனில் நிற்கிற நம் பையன்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அண்ணே, சிலேன் எத்தனை விழுக்காடு போடணும்?" சிலேன் என்பது தூளையும் பாலிமரையும் பிணைக்கப் பூசும் வேதிப்பொருள். அதன் அளவு கடைசியில் பார்க்க வேண்டியது தம்பி. அதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். தூளின் மேற்பரப்பில் அந்த மூலக்கூறு பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? மறுபக்கம் நிற்கும் பாலிமரோடு அதற்கு ஏதாவது வினை உண்டா? இந்த இரண்டில் ஒன்றுக்கு "இல்லை" என்று பதில் வந்தால் அரை விழுக்காடு போட்டாலும் இரண்டு விழுக்காடு போட்டாலும் காசுதான் கரையும்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் கோளாறு எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம், ஆனால் இந்த முதல் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன்

முதலில், மூட்டையில் இருப்பது மூட்டைமேல் எழுதியிருப்பதுதானா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், வெள்ளைத் தூள் எல்லாமே வெள்ளைத் தூள்தான். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள்: கால்சியம் கார்பனேட் உடனே பொங்கும், டோலமைட் சோம்பலாகப் பொங்கும், டால்க்கும் மைக்காவும் கயோலினும் சும்மா இருக்கும். ஒரு சிக்கல் உண்டு. ஸ்டியரிக் (ஒரு கொழுப்பு அமிலம்) பூசிய தூளின்மேல் அமிலம் முத்தாக உருண்டு நிற்கும், பொங்காது, அதை வைத்து "இது கார்பனேட் இல்லை" என்று முடிவுகட்டிவிடுவார்கள். முதலில் இரண்டு சொட்டு எத்தனால் விட்டு நனைத்துவிட்டு அப்புறம் அமிலம் விடுங்கள்.

அடுத்தது சாம்பல் சோதனை. ஃபில்லர் அளவே தப்பாக இருக்கும்போது ஒட்டுதலைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இல்லை. ஆனால் உலையின் சூட்டைக் கவனியுங்கள். கால்சியம் கார்பனேட்டை 800, 900 டிகிரியில் வைத்தால் கார்பன் டைஆக்சைடு வெளியேறி 44 விழுக்காடு எடை போய்விடும். உண்மையில் 40 விழுக்காடு இருக்கும் காம்பவுண்ட் 22.4 என்று காட்டும், அதைப் பார்த்துவிட்டு ஃபீடரை (தூள் ஊட்டும் கருவியை) திருகுவார்கள். 550 டிகிரியை ஒட்டி வைத்தால் போதும். அலுமினியம் டிரைஹைட்ராக்சைடும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடும் இந்தச் சூட்டிலேயே நீரை இழந்துவிடும், முன்னது 34.6 விழுக்காடு, பின்னது 31-ஐ ஒட்டி. அதற்குக் கணக்கைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதுதான் பூச்சு இருக்கிறதா என்பது. கண்ணாடிக் குவளையில் தண்ணீர், மேலே ஒரு சிட்டிகை தூள், கரண்டியால் நன்றாகக் கலக்கிவிட்டு ஓரமாக வையுங்கள். நன்றாகப் பூசிய கார்பனேட் மொத்தமும் மேலே வந்து உலர்ந்த தோல் மாதிரி மிதக்கும், கீழே தண்ணீர் தெளிவாகவே இருக்கும். பூச்சு பாதிதான் பிடித்திருந்தால் தண்ணீர் பால் நிறமாகும், அடியிலும் கொஞ்சம் படியும். ஈப்போ பக்கத்திலிருந்து, சிம்பாங் பூலாய் சுண்ணாம்பு மலைகளிலிருந்து வரும் தூளில் பூசியதும் பூசாததும் ஒரே மாதிரிப் பையில் வருவதுண்டு, லோரியிலிருந்து இறக்கும்போதே இதைச் செய்துவிட்டால் பாதித் தலைவலி இல்லை. ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்தச் சோதனை பூச்சு குறைவா என்று மட்டும்தான் சொல்லும். அளவுக்கு மீறிப் பூசியதும் இதேபோல மிதக்கும்.

டென்சைல் (இழுவிசை வலிமை) இறங்கிவிட்டது, ஆனால் இம்பாக்டும் (மோதலைத் தாங்கும் திறனும்) நீட்சியும் நன்றாக இருக்கின்றன

இது பெரும்பாலும் கோளாறே இல்லை. பாலிபுரோப்பிலீனில் ஸ்டியரிக் பூசிய கார்பனேட் போட்டால் நடக்க வேண்டியதே இதுதான். எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் மாவு நன்றாகப் பரவும், ஆனால் பிடிக்காது இல்லையா, அதே கதை. ஸ்டியரிக் அமிலத்தின் தலை, கால்சியத்தோடு சேர்ந்து கால்சியம் ஸ்டியரேட் ஆகிவிடும். வால் வெளியே நிற்கும், ஆனால் பாலிமர் சங்கிலியோடு வினை எதுவும் செய்யாது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரியும், உருகிய பிசுக்கு குறையும், இழுக்கும்போது துகளுக்கும் பாலிமருக்கும் இடையில் சீக்கிரமே விடுபட்டுச் சின்னச் சின்னக் குழிகள் உண்டாகி மோதலின் ஆற்றலை வாங்கிக்கொள்ளும். அதனால் இம்பாக்ட் ஏறும், இழுவிசை இறங்கும்.

வாடிக்கையாளர் கேட்டது இழுவிசை என்றால் ஸ்டியரிக் பூச்சே தப்பான தேர்வு. பூசாத தூளை எடுத்து, மெலியிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிபுரோப்பிலீன் கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள். சிலர் பூசிய தூளையே வைத்துக்கொண்டு அதன்மேல் இதைச் சேர்த்துவிட்டு "ஒன்றும் ஏறவில்லையே" என்பார்கள். எப்படி ஏறும்? அன்ஹைட்ரைடு உட்கார வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஸ்டியரேட் உட்கார்ந்திருக்கிறது. ரெசிப்பியில் துத்தநாக ஸ்டியரேட்டோ கால்சியம் ஸ்டியரேட்டோ தாராளமாக இருந்தாலும் இதே இடையூறுதான், அன்ஹைட்ரைடை வழியிலேயே மடக்கிவிடும்.

ஸ்டியரிக் பூச்சுதான் வேண்டும், அளவு மட்டும் சரியா என்று சந்தேகம் வந்தால் கணக்கு கடினமில்லை. நிமிர்ந்து நிற்கும் ஒரு ஸ்டியரிக் மூலக்கூறு ஏறக்குறைய 0.21 சதுர நானோமீட்டர் இடம் பிடிக்கும். கிராமுக்கு 5 சதுர மீட்டர் பரப்புள்ள தூளுக்கு ஒரு முழு அடுக்கு என்றால் 1.1 விழுக்காடு வரும், 10 சதுர மீட்டர் என்றால் அதைப்போல் இரண்டு பங்கு. தூள் மாறினால், அதாவது அரைத்த நயம் மாறினால், பூச்சின் அளவும் மாற வேண்டும். இது தெரியாமல் பல ரெசிப்பியில் "1 விழுக்காடு" என்று கல்வெட்டு மாதிரி எழுதி வைத்திருப்பார்கள். நம் ஊரில் கிடைப்பது பாமாயிலிலிருந்து வரும் ஸ்டியரிக். அதில் கிரேடைப் பொறுத்துப் பாதி வரைக்கும், அதற்கு மேலும்கூட, பால்மிட்டிக் இருக்கும். தூய ஸ்டியரிக் 69, 70 டிகிரியில் உருகும், இந்தக் கலப்பு அதற்கும் கீழேயே உருகிவிடும். கலக்கும் பாத்திரம் 80 டிகிரியைத் தாண்டியிருந்தால் எதுவானாலும் உருகிப் பரவும், ஆனால் வினை முடிய நேரமும் வேண்டும், உருகியதும் கொட்டி எடுத்துவிட்டால் பாதி அமிலம் அப்படியே அமிலமாகவே கிடக்கும்.

அந்தப் பாதி அமிலத்தைப் பிடிப்பது எப்படி என்றால், எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலைக் கருவி) இருந்தால் 1700 அலை எண்ணை ஒட்டி ஒரு சிகரம் நிற்கும், அது வினைபுரியாத அமிலம். 1540, 1575 பக்கம் நிற்பது கால்சியம் ஸ்டியரேட். கருவி இல்லையென்றால் சூடான டொலுவீனில் தூளைக் கழுவி, கழுவிய நீர்மத்தை ஆவியாக்கி, மிச்சத்தை நிறுத்துப் பாருங்கள். புகைப் பெட்டிக்குள் வைத்துத்தான், திறந்த மேசையில் வேண்டாம்.

இழுவிசை, இம்பாக்ட் இரண்டுமே இறங்கிவிட்டன, உடைந்த பாரில் (சோதனைத் துண்டில்) வெள்ளைப் புள்ளிகள்

பூச்சைத் திட்டுவதற்கு முன் கலப்பைப் பாருங்கள். பெல்லட் கொஞ்சம் எடுத்து இரண்டு தகட்டுக்கு நடுவில் வைத்து மெல்லிய படலமாக அழுத்தி டியூப் லைட்டுக்கு எதிரே பிடியுங்கள். ஒரே மாதிரி மங்கலாக இருந்தால் பரவல் நன்றாக இருக்கிறது. உப்புத் தூவியதுபோல் புள்ளி தெரிந்தால் கட்டிகள். அந்தக் கட்டியிலிருந்துதான் விரிசல் தொடங்கும், அதனால்தான் இம்பாக்ட் பாரில் ஒன்று 6 என்றும் அடுத்தது 3 என்றும் தாறுமாறாக வரும். சராசரி இறங்குவதைவிட இந்தச் சிதறல்தான் கட்டிக்கு நல்ல அடையாளம், அதனால் சராசரியை மட்டும் எழுதி அனுப்பும் லேப் ரிப்போர்ட்டை நம்பி உட்காராதீர்கள், ஒவ்வொரு பாரின் எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். தூள் ஈரத்தில் இறுகியிருக்கலாம். மெயின் ஹாப்பரில் பெல்லட்டோடு சேர்த்துப் போட்டு, உருகுவதற்கு முன்பே ஸ்க்ரூ அதை அழுத்திப் பில்லையாக்கியிருக்கலாம், இதற்கு சைடு ஃபீடர்தான் வழி, பாலிமர் உருகி முடிந்த இடத்துக்குப் பிறகு. இல்லையென்றால் சிலேனையோ ஸ்டியரிக்கையோ ஒரே இடத்தில் ஊற்றிப் பூசும்போதே கட்டி கட்டியிருக்கலாம். மூன்றாவதை மூட்டையிலேயே கண்டுபிடித்துவிடலாம், விரலிடுக்கில் தேய்த்தால் குருணை தட்டுப்படும்.

சிலேன் போட்டும் ஒன்றும் மாறவில்லை

இங்கேதான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தூள் எது? சிலேன் பிடிக்க மேற்பரப்பில் ஹைட்ராக்சில் வேண்டும். சிலிக்கா, கண்ணாடி, வொல்லாஸ்டனைட், மைக்கா, கயோலின், அலுமினியம் டிரைஹைட்ராக்சைடு இவற்றில் உண்டு. கால்சியம் கார்பனேட்டிலும் பேரியம் சல்ஃபேட்டிலும் பிடிமானம் கிடையாது. கார்பனேட்டில் சிலேன் ஊற்றினால் தூள் மேல் அது தானாகவே ஒரு வலையாக இறுகி நிற்கும், துகளோடு உறுதியான பிணைப்பு ஏற்படாது. டால்க் இரண்டுங்கெட்டான்: தட்டையான முகம் மந்தமானது, ஓரங்களில் மட்டும்தான் ஹைட்ராக்சில். தட்டு பெரியதாக இருக்க இருக்க ஓரத்தின் பங்கு குறையும், அதனால் தடிமனைவிட அகலம் மிக அதிகமுள்ள டால்க்குக்கு சிலேன் கொடுக்கும் பலன் சிலிக்காவில் கிடைப்பதோடு ஒப்பிடவே முடியாது. சிலேன் விற்கிற ஆள் இதை விளக்கிச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பாலிமர் எது? சிலேனின் மறுமுனை அதற்குப் பொருந்த வேண்டும். நைலானுக்கு அமினோ சிலேன். சுட்ட கயோலினில் அமினோ சிலேன் பூசி நைலான் 66-இல் போடுவது பழைய, நம்பகமான ஜோடி. எப்பாக்சிக்கு எப்பாக்சி சிலேன் அல்லது அமினோ. அன்சாச்சுரேட்டட் பாலியெஸ்டருக்கு மெத்தக்ரைல். பெராக்சைடு போட்டுக் குறுக்குப் பிணைக்கும் கேபிள் காம்பவுண்டுக்கு வினைல். பாலிபுரோப்பிலீனுக்கு? சும்மா ஒரு பாலிபுரோப்பிலீன் சங்கிலிக்கு எந்தச் சிலேனோடும் பேச வாயில்லை. அமினோ சிலேன் பூசிய வொல்லாஸ்டனைட்டை வெறும் பாலிபுரோப்பிலீனில் போட்டுவிட்டு வலிமை ஏறவில்லை என்று புலம்பினால் என்ன செய்வது? மெலியிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிபுரோப்பிலீனும் கூட வர வேண்டும், அமீனும் அன்ஹைட்ரைடும் சேர்ந்துதான் அங்கே பாலம் கட்டும்.

ஜோடி சரி, அப்புறம்தான் அளவு. ஒவ்வொரு சிலேனுக்கும் ஒரு கிராம் எவ்வளவு பரப்பை மூடும் என்ற எண் உண்டு. அமினோபுரோப்பைல் டிரைஎத்தாக்சி சிலேனுக்கு 353 சதுர மீட்டர், கிளைசிடாக்சி வகைக்கு 330-ஐ ஒட்டி, மெத்தக்ரைலுக்கு 314. தூளின் எடையை அதன் பரப்பால் பெருக்கி இந்த எண்ணால் வகுத்தால் போதும். 100 கிலோ வொல்லாஸ்டனைட், கிராமுக்கு 3 சதுர மீட்டர் என்றால், 3 லட்சத்தை 353-ஆல் வகுக்க 850 கிராம் வரும். இது காகிதக் கணக்கு, தொடங்கும் இடம். இதற்குப் பாதியில் ஒன்று, இதே அளவில் ஒன்று, ஒன்றரை மடங்கில் ஒன்று என மூன்று பேட்ச் ஓட்டிப் பார்த்துவிட்டு வளைவு எங்கே தட்டையாகிறதோ அங்கே நில்லுங்கள். மேலே போகப் போக பிணையாத சிலேன் இடையில் மென்மையான ஒரு படலமாக நின்று வெப்ப வளைவு எண்ணை (சுமையில் வளையத் தொடங்கும் சூட்டை) கீழே இழுக்கும்.

தண்ணீர் இருந்ததா? இதை யாரும் கேட்பதே இல்லை. சிலேன் வேலை செய்ய முதலில் நீரால் பிளக்க வேண்டும். அந்த 850 கிராமுக்குக் காகிதத்தில் 200 கிராம் தண்ணீர் ஆகும். 100 கிலோ தூளில் 0.3 விழுக்காடு ஈரம் இருந்தால் 300 கிராம், அதுவே தாராளம். ஆனால் "ஈரம் கெடுதல்" என்று நினைத்து தூளை எலும்பு மாதிரிக் காயவைத்துவிட்டு சூடாகவே சிலேன் தெளித்தால் பாதி ஆவியாகப் போய்விடும், மீதி வினைபுரியாமல் நிற்கும். பினாங்கில் அக்டோபர் மழையில் திறந்து கிடந்த மூட்டை என்றால் பிரச்சினை மறுபக்கம்: தூளைத் தொடும் முன்பே சிலேன் தனக்குள் இறுகிவிடும். ஈரத்தை அளந்து ஒரே எண்ணில் நிறுத்துங்கள், அதுதான் முக்கியம். மழைக்காலத்தில் ஒரு ரெசிப்பி, வெயிலில் ஒரு ரெசிப்பி என்று ஆகிவிடக் கூடாது.

தண்ணீரில் கரைத்துத் தெளிப்பவர்களுக்கு: வினைல், மெத்தக்ரைல், எப்பாக்சி வகைகளுக்கு அசெட்டிக் அமிலம் விட்டுப் பிஎச் 4-க்கும் 5-க்கும் நடுவே வையுங்கள். அமினோ வகைக்கு அமிலம் வேண்டாம், அது தானே காரம், தானே பிளந்துகொள்ளும். கரைசல் தெளிவாக இருக்கும்வரை பயன்படும். கலங்க ஆரம்பித்தால் உள்ளே இறுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், காசைப் பார்க்காமல் தள்ளிவிடுங்கள். தெளித்த பிறகு 100 முதல் 120 டிகிரி சூட்டில் காயவைக்காமல் நேரே எக்ஸ்ட்ரூடருக்கு அனுப்பினால் பிணைப்பு முழுமையாகாது.

இன்னொரு விஷயம், இது பாதுகாப்பு: மேலே சொன்ன 850 கிராம் முழுவதும் வினைபுரிந்தால் ஏறக்குறைய 530 கிராம் எத்தனால் வெளியே வரும். மெத்தாக்சி வகை என்றால் மெத்தனால், அது விஷம். மூடிய மிக்சரில், மின்பொறி உள்ள இடத்தில், வென்ட் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். ஃபேக்டரி மானேஜர் அவசரப்படுத்தினாலும் சரி.

எல்லாம் சரியாக இருந்தும் வலிமை வரவில்லை, தூள் வொல்லாஸ்டனைட் அல்லது மைக்கா என்றால், சாம்பலாக்கிய மிச்சத்தை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். ஊசிகள் நொறுங்கித் துண்டு துண்டாகக் கிடந்தால் குற்றவாளி ஸ்க்ரூ, சிலேனைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஊசி உடைந்த பிறகு உலகத்தில் எந்தப் பூச்சும் அதை நீளமாக்காது.

காய்ந்த பாரில் நன்றாக இருக்கிறது, ஈரத்தில் சரிகிறது

பாயான் லெப்பாஸுக்குப் பொருள் அனுப்புகிறவர்களுக்கு இது பழகிய தலைவலி. 1972-இல் அங்கே தடையற்ற தொழில் வட்டாரம் தொடங்கியதிலிருந்து செமிகண்டக்டர்தான் அந்தப் பக்கத்தின் பிழைப்பு, சிப்பை மூடும் எப்பாக்சி காம்பவுண்டில் எடையில் 70 முதல் 90 விழுக்காடு சிலிக்கா. அவ்வளவு துகளுக்கும் எப்பாக்சிக்கும் இடையில் இருக்கும் எல்லை முழுவதும் ஈரத்துக்குத் திறந்த கதவுதான். சிலிக்காவின் வெப்ப விரிவு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 0.5-ஐ ஒட்டி, வெறும் எப்பாக்சி அதைப்போல் நூறு மடங்குக்கு மேல். அதனால் சூடு ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த எல்லையில் இழுபறி நடக்கும், அங்கே கொஞ்சம் நீர் புகுந்திருந்தால் ரீஃப்ளோவில் (சிப்பைப் பலகையில் பற்றவைக்கும் அடுப்பில்) 260 டிகிரி தொட்டதும் நீராவியாகிப் பொரி மாதிரி வெடிக்கும்.

சோதனை எளிது. பார்களை இரண்டு கட்டாகப் பிரித்து ஒன்றை அப்படியே வையுங்கள், மற்றொன்றை வெந்நீரில் சில மணி நேரம் கொதிக்கவிட்டு, துடைத்து உடனே வளைவு வலிமை பாருங்கள். சிலேன் சரியாகப் பிணைந்திருந்தால் இறக்கம் மிதமாக இருக்கும். பூசாத தூளோடு ஓட்டிய பேட்சும் சிலேன் போட்ட பேட்சும் கொதித்த பிறகு ஒரே எண்ணில் வந்து நின்றால் சிலேன் துகள்மேல் கிடக்கிறதே தவிர ஒட்டவில்லை. காய்ந்த பாரில் வித்தியாசம் தெரியாமல் இருந்து, இதில் மட்டும் தெரிவது சகஜம். அதனால் காய்ந்த எண்ணை மட்டும் வைத்து சிலேன் "வேலை செய்கிறது" என்று சான்றிதழ் கொடுப்பவரை நான் நம்புவதில்லை.

வாடிக்கையாளர் 85 டிகிரி, 85 விழுக்காடு ஈரம், 168 மணி நேரம் என்று கேட்டால் அது ஈர உணர்வு நிலை 1-க்கான ஊறவைப்பு. அதன் பிறகு ரீஃப்ளோ, அப்புறம் ஒலி மைக்ராஸ்கோப்பில் உள்ளே பிளவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிளவு சிப்பின் முகத்திலோ செம்புச் சட்டத்திலோ தெரிந்தால் அது ஃபில்லர் பூச்சின் பிரச்சினை இல்லை, அங்கே ஒட்டுதல் வேறு சமாசாரம். காம்பவுண்டின் நடுவிலேயே தெரிந்தால்தான் நம் பக்கம் வரும்.

உடைந்த முகத்தை எஸ்இஎம்-இல் (எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில்) பார்த்தால் சண்டையே முடிந்துவிடும். திரவ நைட்ரஜனில் குளிரவைத்து உடையுங்கள். துகள் மொழுமொழுவென்று துடைத்து வைத்ததுபோல் நின்றால், பக்கத்தில் அது கழன்று போன குழி வழவழப்பாக இருந்தால், ஒட்டவில்லை. துகள்மேல் பாலிமர் பிய்ந்து ஒட்டியிருந்தால் ஒட்டியிருக்கிறது. சொந்தக் கருவி இல்லாதவர்கள் நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்தில் கேட்டுப் பார்க்கலாம், பொருள், கனிம வளப் பொறியியல் துறை அங்கேதான் இருக்கிறது.

நைலானுக்கு ஒரு எச்சரிக்கை. நைலான் தானே ஈரம் குடித்து மென்மையாகிவிடும், அந்த இறக்கத்தை ஃபில்லர் தலையில் கட்டாதீர்கள். ஃபில்லர் இல்லாத நைலான் பார் ஒன்றையும் அதே தண்ணீரில் போட்டு ஒப்பிடுங்கள்.

வெள்ளிக் கோடு, நுரை, புகை

பெல்லட்டைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே ஓட்டை இருந்தால் கோளாறு எக்ஸ்ட்ரூடரிலேயே நடந்துவிட்டது, வென்ட் அடைத்திருக்கிறதா, வேக்குவம் இழுக்கிறதா என்று அங்கே போய்ப் பாருங்கள். பெல்லட் திடமாக இருந்து அச்சில் மட்டும் கோடு வந்தால், இடையில் ஈரம் ஏறியிருக்கிறது. நைலான் என்றால் 0.2 விழுக்காட்டுக்குக் கீழே காயவைத்தீர்களா என்று கேட்டாலே பாதிப் பேர் தலையைச் சொறிவார்கள்.

காயவைத்தும் நுரை நிற்கவில்லை, தீத்தடுப்புக் காம்பவுண்ட் என்றால், ரெசிப்பியில் அலுமினியம் டிரைஹைட்ராக்சைடு இருக்கிறதா பாருங்கள். அது 200 டிகிரியை ஒட்டியே நீரை விட ஆரம்பிக்கும், நைலானில் அதைப் போட வழியே இல்லை. மெக்னீசியம் ஹைட்ராக்சைடு 300-ஐத் தாண்டித் தாங்கும். பூச்சு மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது, தூளையே மாற்ற வேண்டும். வென்ட்டில் மெழுகு மாதிரி வாசனையோடு புகை வந்தால் அது மிதமிஞ்சிய ஸ்டியரிக். ஸ்பிரிட் வாசனை வந்தால் சிலேன் சரியாகக் காயவில்லை.

டை வாயில் படிவு, பெயிண்ட் உரிகிறது

இது ஏறக்குறைய எப்போதும் அதிகப்படி ஸ்டியரிக்தான். சும்மா கிடக்கும் அமிலம் மேற்பரப்புக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும், அச்சில் மங்கலாகப் படியும், பிரிண்டும் பெயிண்டும் பிடிக்காது, வெல்ட் லைன் பலவீனமாகும். மேலே சொன்ன பரப்புக் கணக்கைப் போட்டு அளவைக் குறைத்தாலே போதும்.

நிறம் மாறுகிறது

அமினோ சிலேன் சூட்டில் மஞ்சளாகும், வெள்ளைப் பொருளுக்கு அது சரிவராது. கார்பனேட்டுக்கு சிலேன் பிடிக்காது என்று டைட்டனேட்டுக்கு (டைட்டானியம் கொண்ட பிணைப்புப் பொருளுக்கு) போனவர்களுக்கு வேறு ஆச்சரியம் காத்திருக்கும்: டைட்டனேட்டும் ஃபீனால் வகை ஆன்டிஆக்சிடன்ட்டும் (ஆக்சிஜனேற்றத்தில் பாலிமர் கெடாமல் காக்கும் பொருள்) சேர்ந்தால் மஞ்சளிலிருந்து ஆரஞ்சு வரைக்கும் நிறம் வரும். ஆன்டிஆக்சிடன்ட் வகையை மாற்றுங்கள் அல்லது டைட்டனேட்டை விடுங்கள். பாலியெஸ்டரில், அதாவது பிபிடி, பெட் வகையில், டைட்டனேட் போட்டு உருகல் ஓட்டம் திடீரென்று ஏறிவிட்டால் அதிர்ச்சியடைய வேண்டாம். அது எஸ்டர் பிணைப்புகளை இடமாற்றும் வினைக்கு ஊக்கியாக நிற்கும், சங்கிலி குட்டையாகிவிட்டது.

ஹாப்பரில் ஓட்டம் சரியில்லை

பூசாத நயமான தூள் பாலம் கட்டி நிற்கும், ஃபீடர் காற்றைத் தின்னும். பூசியது அதற்கு நேரெதிர், காற்றோடு கலந்து தண்ணீர் மாதிரி ஓடி ஒரேயடியாகக் கொட்டிவிடும். பூசாததிலிருந்து பூசியதற்கு மாறிய அன்றைக்கே ஃபீடரைத் திரும்ப அளவீடு செய்யாமல் ஓட்டினால், சாம்பல் எண் ஆடும், அதைப் பார்த்து ஒட்டுதல் கோளாறு என்று ஒரு வாரம் அலைவார்கள்.

அச்சிலிருந்து வந்ததும் நன்றாக இருக்கிறது, அடுப்பில் வைத்தால் நொறுங்குகிறது

காரின் பானட்டுக்கு அடியில், விளக்கு ஹவுசிங் பக்கத்தில் போகும் டால்க் பாலிபுரோப்பிலீனில் இது வரும். முதல் நாள் எல்லா எண்ணும் பாஸ். 150 டிகிரி அடுப்பில் வைத்தால், டால்க் இல்லாத பார் இன்னும் நன்றாக இருக்கும்போதே இது மூலையிலிருந்து வெளுத்து, சுண்ணாம்பு மாதிரி உதிரும். காரணம் இரண்டு. டால்க்கின் மேற்பரப்பு ஆன்டிஆக்சிடன்ட்டை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும், பாலிமருக்கு விடாது. டால்க்கில் இரும்பும் இருந்தால் அது ஆக்சிஜனேற்றத்தை இன்னும் விரைவாக்கும். வெயிலில் நிற்கும் பொருளுக்குப் போடும் ஹால்ஸ் (HALS) என்ற ஒளி நிலைப்படுத்திகளையும் இதே மாதிரி முழுங்கிவிடும்.

பலர் ஆன்டிஆக்சிடன்ட்டை இரண்டு மடங்காக்குவார்கள். கொஞ்சம் நீளும், செலவு ஏறும். அதைவிட மலிவான வழி, குறைந்த மூலக்கூறு எடையுள்ள திட எப்பாக்சி ரெசின் சிறிதளவு சேர்ப்பது. அது ஆன்டிஆக்சிடன்ட் போய் உட்காரும் அதே இடங்களில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆன்டிஆக்சிடன்ட் பாலிமரிலேயே நிற்கும். கூடவே உலோகச் செயலிழப்பி கொஞ்சம் போட்டால் இரும்பையும் கட்டிவைக்கும். மூன்று பேட்ச் போதும்: இப்போதுள்ளது, எப்பாக்சி மட்டும் சேர்த்தது, எப்பாக்சியோடு உலோகச் செயலிழப்பி சேர்த்தது. மூன்றையும் ஒரே அடுப்பில், ஒரே தட்டில், இடம் மாற்றி மாற்றி வையுங்கள், ஏனென்றால் அடுப்பின் பின்மூலைக்கும் கதவுப் பக்கத்துக்கும் சில டிகிரி வித்தியாசம் இருக்கும், அந்த வித்தியாசமே சில நாள் ஆயுளாகத் தெரியும். தினமும் காலை ஷிப்ட்டில் ஒருவரே கையால் வளைத்துப் பார்க்கட்டும், எந்த நாளில் முதல் வெளுப்பு தெரிகிறதோ அதை எழுதி வைக்கட்டும். எப்பாக்சி போட்டதும் அதே நாளில் வெளுத்தால் டால்க்கில் இரும்பு எவ்வளவு என்று சப்ளையரிடம் கேளுங்கள், பதில் வரும்வரை வேறு மூட்டையில் ஓட்டுங்கள்.